செண்பகாவுக்கு எச் உண்டா?

என் தங்கைக்குப் பெண் பிறந்த மூன்றாம் நாளே பெயர் முடிவாகிவிட்டது. அதை எப்படி எழுதுவது என்பது முடிவாகத்தான் பத்து மாதம் ஆனது. கேட்பவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் 14 வருடமாக எழுத்தர் வேலை பார்க்கிறேன், சேர்க்கைப் பதிவேடு என் கையில்தான் இருக்கிறது. ஓர் எழுத்து மாறியதால் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் நேரத்தில் வந்து அழுத தாய்மார்களைப் பார்த்தவள் என்பதால், எனக்கு இது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை முதலிலிருந்து எழுதிவைக்கிறேன். பூப்பெயர் வைக்கப்போகிறவர்களுக்கு எங்கேயாவது உதவலாம்.

கதை பாப்பாவிடம் தொடங்கவில்லை, எங்கள் ஆச்சியிடம் தொடங்குகிறது. அப்பாவைப் பெற்றவர். ஊர் கோவில்பட்டி, பெயர் செண்பகவல்லி. அந்த ஊரில் அது ஆச்சரியமே இல்லை. பூவனநாதர் கோயிலில் அம்மன் பெயர் செண்பகவல்லி என்பதால் ஒரு காலத்தில் தெருவுக்கு இரண்டு செண்பகவல்லிகள் இருந்திருப்பார்கள். ஆச்சி கையெழுத்துப் போடத் தெரியாதவர், கைநாட்டுதான். அதனால் அவர் பெயரை எழுதியது எப்போதும் வேறு யாரோ. ரேஷன் கார்டில் செண்பகவல்லி. பட்டாவில் செம்பகவல்லி, ஏனென்றால் எங்கள் பக்கம் வாயில் வருவது அப்படித்தான், சொன்னதைக் காதில் வாங்கி எழுதியிருக்கிறார்கள். வாக்காளர் அட்டையில் செண்பகவள்ளி. வல்லி என்றால் கொடி, வள்ளி முருகனுடைய ஆள், ஆச்சிக்கு இரண்டும் ஒன்றுதான், தாலுகா ஆபீஸுக்கு ஒன்றில்லை. வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எஸ்-எச்-ஏ என்று தொடங்கி ஷண்பகவல்லி.

ஆச்சி இறந்தபோது அவர் பெயரில் இருந்தது ஓர் ஏக்கர் கரிசலும் வங்கியில் கொஞ்சம் பணமும். இந்த நான்கு பெண்களும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க அப்பா ஏழு மாதம் நடந்தார். நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம், கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று, அப்புறம் அதில் ஒரு எழுத்து தப்பு என்று மறுபடியும் ஒன்று. தங்கை அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், லீவு நாளில் அப்பாவோடு அலைந்தது அவள்தான். அதனால் பாப்பாவுக்கு ஆச்சி பெயர்தான் என்று அவள் சொன்னபோதே, "எழுதுறத மட்டும் நீ பாத்துக்கக்கா" என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

முழுப்பெயர் வேண்டாம், நீளம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். செண்பகம் என்று வைக்கலாம்தான், ஆனால் ஒருவர் மாட்டைப் பார்த்துப் பாடும் அந்தப் பாட்டு இருக்கிறதே, அது தெரிந்த தலைமுறை முழுக்க மறையும்வரை பெண்ணுக்கு விடுதலை இல்லை. செண்பகா என்று சுருக்கினோம். பாட்டு அப்படியும் வரும், பாதியாக வரும்.

தமிழில் எப்படி

இது சுலபமாக முடியும் என்று நினைத்தேன். தங்கையின் மாமனார் ஷண்பகா என்றார், ஷ போட்டால் கௌரவமாக இருக்கிறதாம். மாப்பிள்ளை நேராக சம்பகா என்று வைக்கலாமே என்றார், வடமொழியில் சம்பகம்தானே, லின்னேயஸ் 1753-இல் இந்த மரத்துக்கு வைத்த தாவரப் பெயரிலும் சம்பகா என்றுதான் இருக்கிறது, இன்றும் அதே சொல்தான், முன்னால் இருந்த மைக்கேலியா மட்டும் மக்னோலியாவாக மாறியிருக்கிறது, வாசனைத் திரவியப் புட்டிகளிலும் அதையே போடுகிறார்கள், வெளிநாட்டில்கூடப் புரியும் என்றெல்லாம் அடுக்கினார். தப்பில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் வாழ்க்கையில் ஒருமுறைகூட சம்பகம் என்று சொன்னதில்லை. யாருடைய பெயரை வைக்கிறோமோ அவரே திரும்பிப் பார்க்காத ஒரு பெயரை வைத்து என்ன செய்ய.

எங்கள் பள்ளித் தமிழாசிரியரிடம் போனேன். அவர் சண்பகம்தான் பழைய வடிவம் என்றார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் "பெருந்தண் சண்பகம்" என்றுதான் வருகிறது, செண்பகம் இல்லை. அதே மூச்சில், தொல்காப்பியப்படி சகரம் அ, ஐ, ஔ சேர்ந்து சொல்லுக்கு முதலில் வரக்கூடாது, ஆக சண்பகம் தொல்காப்பியருக்கு ஆகாது, செண்பகம் ஆகும் என்றும் சொன்னார். பிறகு நன்னூல் வந்து எல்லா உயிரோடும் ச முதலில் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டதாம். அப்போ எதை எழுதட்டும் சார் என்றேன். "கபிலர் சண்பகம்னு எழுதினாரு, உங்க ஊர்க் கோயில் செண்பகம்னு எழுதுது. நீங்க யாருக்கு வரி கட்டுறீங்களோ அவங்க சொல்றபடி எழுதுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கோயிலுக்குத்தான் கட்டுகிறோம். ஆக செ. நடுவில் உள்ள எழுத்து இதைவிட ஆபத்தானது, அதைப் பற்றி யாரும் வீட்டில் பேசவே இல்லை. ண் தான், ன் இல்லை. இதைச் சொன்னால் "அது தெரியாதா" என்கிறார்கள், ஆனால் இணையத்தில் தேடிப்பாருங்கள், சென்பகம் கொட்டிக்கிடக்கிறது. காரணம் இருக்கிறது. பகரத்துக்கு முன்னால் இரண்டுமே வரலாம்: நண்பன், பண்பு, வெண்பா ஒரு பக்கம், அன்பு, இன்பம், துன்பம் இன்னொரு பக்கம். விதியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, சொல்லை அறிந்திருந்தால்தான் உண்டு. காதுக்கும் வித்தியாசம் கேட்காது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே என். தங்கையிடம் சொல்லிவைத்தேன்: ஷ-வைப் பற்றி உங்கள் வீட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், பெண்ணுடைய பெயர் கெடப்போவது ண-வில்.

ஆங்கிலத்தில் எப்படி

இங்கேதான் மாதங்கள் போயின. வீட்டில் ஆளாளுக்கு எழுதியதைக் கூட்டினால் எட்டு வடிவம் வந்தது. எஸ்-எச் தொடங்குவது, வெறும் எஸ், சி-எச். நடுவில் பி-யா இன்னொரு பி-யா (அதாவது பப்பி என்பதில் வரும் பி-யா பஸ் என்று சொல்லும்போது வரும் பி-யா, ஆங்கில எழுத்துப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இந்தக் கஷ்டம் வேறு). ஜி-யா கே-யா எச்-ஆ. கடைசியில் ஒரு ஏ-வா இரண்டா.

சில உடனே விழுந்துவிட்டன. சி-எச் போட்டால் சென்னை மாதிரி ஆகும் என்று மாப்பிள்ளை சொன்னார், சென்னையை நாம் சரியாகப் படிப்பது ஊர் தெரியும் என்பதால்தான், தெரியாத பெயரில் சி-எச் வந்தால் அழுத்தி "ச்செ" என்று படிக்கிறார்கள். அழுத்தமான பி-யும் கே-யும் போட்டு எழுதுவது இலங்கை வழக்கம், அங்கே எழுத்தை அப்படியே மாற்றுவார்கள், அதைப் பழகாதவர்கள் "சென்பாக்கா" என்று படித்தார்கள், ஏதோ ஓர் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி. இலங்கை என்றதும் இன்னொன்று. மாப்பிள்ளைக்கு யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் உண்டு. போனில் பெயரைச் சொன்னதும் அவர் கொஞ்சநேரம் பேசவில்லையாம். அங்கே செண்பகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பறவை, நாம் செம்போத்து என்கிறோமே அது. பூவும் பறவையும் ஒரே பெயரில் இருப்பது தங்கைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிரச்சினை தீரவில்லை, ஆனால் வீட்டில் அன்றைக்கு எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தோம்.

ண-வையும் ஆங்கிலத்தில் காட்டியாக வேண்டும், இரண்டு என் போடு என்று என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா சொன்னார். அவருக்கு நான் 2020-ஐ நினைவுபடுத்தினேன். அந்த வருடம் தமிழ்நாட்டில் 1018 ஊர்களுக்கு ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறோம் என்று அரசாணை போட்டு, ஜூனில் பட்டியல் வெளியே வந்ததும் ஊரே சிரித்து, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். கோயம்புத்தூருக்கு 14 எழுத்து வந்தது. வேலூருக்கு ஈ ஈ, ஓ ஓ. நோக்கம் தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் 26 எழுத்தை வைத்துக்கொண்டு நம் எல்லா ஒலியையும் காட்ட நினைத்தால் தமிழ் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் சேர்த்துப் படிக்க முடியாத ஒன்று வந்து நிற்கும். ண-வைத் தமிழ்ப் பெயர் பார்த்துக்கொள்ளும், ஆங்கிலத்தில் அதை விட்டுவிடு என்றேன்.

கடைசியில் நின்றவை இரண்டு. எச் உள்ளது, எச் இல்லாதது. மற்றபடி இரண்டிலும் இ-என்-பி-ஏ-ஜி-ஏ.

எச் பக்கம் பலம் அதிகம். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பு, எங்கள் அம்மன், எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் எஸ்-எச்தான் எழுதுகிறார்கள். நம் கண்ணுக்கு அதுதான் பழக்கம். எச் இல்லாமல் எழுதிக் காட்டினால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது, எனக்கே இருந்தது.

ஆனால் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்தவளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. பெயர் ஒருமுறை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவதோடு முடிவதில்லை. திரும்பி வரும். வெளி மாநிலத்திலிருந்தோ முழுக்க ஆங்கிலத்திலேயே எழுதும் பள்ளியிலிருந்தோ ஒரு பெண் டி.சி.யோடு வருவாள், அதில் ஆங்கிலம் மட்டும் இருக்கும், பதிவேட்டில் நான் தமிழில் எழுதியாக வேண்டும், பெற்றோர் கூட வந்திருந்தால் கேட்பேன், தாத்தா கூட்டிவந்திருந்தால் ஊகிப்பேன். அல்லி என்ற பெண்ணை எங்கள் பள்ளியில் இரண்டு வருடம் அள்ளி என்று எழுதியிருக்கிறோம். வாணி வானியாவது வாராவாரம் நடப்பது. இப்போது மனிதர்கூட வேண்டாம், கணினியே மாற்றித் தருகிறது, அதுவும் ஊகம்தான், கொஞ்சம் வேகமான ஊகம்.

அதனால் நான் செய்தது இதுதான். இரண்டு வடிவத்தையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, இந்தக் கதை எதுவும் தெரியாத ஆட்களிடம் கொடுத்து, இதைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்றேன். பள்ளியில் நாலைந்து பேர், ஜெராக்ஸ் கடைக்காரர், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர். எச் உள்ள சீட்டு போன இடத்திலெல்லாம் ஷெ ஆகத் திரும்பிவந்தது, ஒருவர் மட்டும் செ எழுதினார், அவர் அத்தை பெயர் அது. எச் இல்லாத சீட்டு செ ஆகவே வந்தது. ண-வுக்கு இரண்டிலும் ன-தான், எதிர்பார்த்ததே. தமிழில் ஷ வேண்டாம் என்று கோயில் பேரைச் சொல்லி முடிவெடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு எச்-ஐப் போட்டு அதே ஷ-வைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுவதா?

அடுத்தது பெங்களூர், தங்கை குடும்பம் இருப்பது அங்கே. மாப்பிள்ளை அவருடைய அலுவலகத்தில் இரண்டையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். எச் இருந்தால் "ஷென்பாகா", இல்லாவிட்டால் "சென்பாகா". இரண்டிலும் பா நீளுகிறது, அதை ஒன்றும் செய்ய முடியாது, ஏ என்ற எழுத்து செய்த பாவம். இரண்டில் எது நாங்கள் கூப்பிடுவதற்குப் பக்கம் என்று கேட்டால் இரண்டாவதுதான். கீழ்வீட்டுக் கன்னடத்து அம்மாவுக்குச் சீட்டில் ஒன்றும் புரியவில்லை. தங்கை போனில் பூவின் படத்தைக் காட்டியதும் "ஓ, சம்பிகே!" என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டாராம். மல்லேசுவரத்தில் சம்பிகே சாலை என்றே ஒன்று உண்டு. அவருக்கு அன்றிலிருந்து பாப்பா சம்பிகேதான்.

இதற்கு எதிராகவும் ஒன்று நடந்தது. தங்கை ஒரு கூரியர்க்காரருக்குப் போனில் பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னாள். அவர் தானாகவே எச் போட்டுக்கொண்டார். காதில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பழக்கத்தில் எஸ்-எச் போடுவார்கள். ஆக எச் வேண்டாம் என்றால் பெண் வாழ்நாள் முழுக்க "எச் இல்லை, வெறும் எஸ்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். எச் போட்டால் தமிழில் "ஷ இல்லை, செ" என்று சொல்ல வேண்டியிருக்கும். ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அப்படியென்றால் தமிழ்ப் பெயர் கெடாமல் இருக்கும் பக்கம் நிற்போம் என்பது என் கட்சி. தங்கை சரி என்றாள். மாப்பிள்ளைக்கு அரைமனது, "மதினி சொன்னா சரி" என்றுவிட்டார்.

மாமாவும் கூட்டலும்

முடிந்தது என்று நினைத்தபோது தங்கையின் மாமனார் ஒரு தாளை எடுத்துவந்தார். எண் கணிதம். அதில் எஸ்-க்கு 3, எச்-க்கு 5, ஏ-க்கு 1 என்று ஒவ்வொரு எழுத்துக்கும் மதிப்பு உண்டு, கூட்டி ஒற்றை எண்ணாக்க வேண்டும். எச் உள்ளது 25, அதாவது 7. எச் இல்லாதது 20, அதாவது 2. அவருக்கு 6 வர வேண்டும். எச்-ஐப் போட்டு ஜி-க்குப் பதில் கே போட்டால் 24, ஆறு வந்துவிடும் என்று ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தார். அதாவது முதலிலேயே விழுந்த கே, எங்கள் சீட்டு விளையாட்டில் விழுந்த எச், இரண்டும் ஒன்றாகத் திரும்பி வந்து நின்றன.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவரிடம் போய் அதைச் சொல்வதால் என்ன ஆகப்போகிறது, பேத்திமேல் உள்ள பாசத்தை அவர் கூட்டிக் காட்டுகிறார், அவ்வளவுதான். அந்தத் தாளை வாங்கி நானும் கூட்டிப்பார்த்தேன். மாப்பிள்ளையின் இனிஷியல் எம். எம்-க்கு 4. எச் இல்லாத 20-உடன் 4 சேர்ந்தால் 24. "மாமா, இனிஷியலோட பாருங்க" என்றேன். இரண்டு முறை கூட்டினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் கூட்டினார். அதற்குமேல் அவரிடமிருந்து எதிர்ப்பே வரவில்லை. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுசாக எழுத வேண்டும், அப்போது கூட்டல் எங்கே போகும் என்று யாரும் அவரிடம் இன்றுவரை கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

பதிவு

பத்து மாதம் இழுத்தது எங்கள் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை, சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள், பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அந்தக் கட்டத்தை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் நிரப்பிக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம்வரை. தெரிந்தவர்கள்கூட ஆஸ்பத்திரியிலேயே அவசரமாக ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வருகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஒருமுறை ஏறிய பெயரை மனசு மாறியது என்று மாற்ற முடியாது. எழுத்துப் பிழை என்று காட்ட முடிந்தால் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் திருத்தம் கேட்கலாம், அதற்குப் பிழை என்று நிரூபிக்க வேறு ஆவணம் வேண்டும், கைக்குழந்தைக்கு வேறு ஆவணம் ஏது? அதோடு 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு தாள்தான் அடிப்படை. முன்பெல்லாம் ஒன்றில் தப்பிருந்தால் இன்னொன்றைக் காட்டித் தப்பிப்போம்.

பிரசவம் நடந்தது வேறு ஊர். பதிவான அலுவலகத்துக்கு நானும் தங்கையும் போனோம். விண்ணப்பத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம், ண-வைக் கொஞ்சம் அதிகமாகவே சுழித்து. உள்ளே இருந்தவர் ஆங்கிலத்தை மட்டும் தட்டினார். தமிழ்க் கட்டம் தானாக நிரம்பியது. நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தேன்: சென்பகா.

"சார், மூணு சுழி" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், "ரெண்டும் ஒண்ணுதானம்மா, படிக்கிறப்ப தெரியாது" என்றார். கோபக்காரர் இல்லை, வெளியே வரிசை நின்றது, பாவம். நான் கை நீட்டி விண்ணப்பத்தில் இருந்த எழுத்தைக் காட்டி, "இதுல இருக்கிற மாதிரி இருந்தா போதும் சார்" என்றேன். அழித்துவிட்டு அடித்தார். சரிபார்க்க ஒரு நகல் எடுத்துத் தரச் சொன்னேன், தந்தார். தங்கை அந்த நகலை ஓர் எழுத்து விடாமல் விரலை வைத்துப் படித்தாள், அப்பா பெயர், அம்மா பெயர், விலாசம் எல்லாம். அவளுடைய பெயரிலும் ஒரு கால் விட்டுப்போயிருந்தது. அதையும் சேர்த்துத் திருத்தினோம். மொத்தம் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆதார் இன்னும் எடுக்கவில்லை. பெங்களூரில் எடுத்தால் ஆங்கிலத்தோடு கன்னடத்தில் வரும், அங்கேயும் திரையில் தானாக ஏதாவது விழும், அதைப் படித்துச் சொல்லக் கீழ்வீட்டு அம்மாவைக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். தடுப்பூசி அட்டையில் முதல் மாதமே ஒரு நர்ஸ் எச் போட்டு எழுதிவிட்டார், அது அப்படியே இருக்கிறது.

முதல் பிறந்தநாளுக்கு மாமா அழைப்பிதழ் அடித்திருந்தார். தமிழில் மூன்று சுழி சரியாக இருந்தது. ஆங்கிலத்தில் எம், புள்ளி, அப்புறம் எச் இல்லாத பெயர். அடியில் பென்சிலால் எதையோ எழுதி அழித்த தடம் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், 24.